கூப்பிடாதீங்க, சென்யோர்

அந்த வேலையில் யாரையும் எதையும் செய்யச் சொல்ல வேண்டியதில்லை. செய்யாமல் இருக்கச் சொன்னால் போதும். எங்கோ ஒரு கட்டிடத்தில் லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டால் உள்ளே இருப்பவர் சிவப்புப் பொத்தானை அழுத்துவார். ஊரின் இன்னொரு மூலையில், ஜன்னலே இல்லாத ஓர் அறையில், காதில் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு அது மணியாக ஒலிக்கும். அவள் மேஜையில் ஒட்டியிருக்கும் அட்டையைப் பார்த்துச் சொல்லுவாள்: கதவைத் தள்ளாதீங்க. குதிக்காதீங்க. கம்பியில ஏறாதீங்க. கத்தாதீங்க. ஆள் வந்துட்டே இருக்காங்க.

இதில் கடைசி வாக்கியம் மட்டும் சில நேரம் பொய்.

அட்டை அவளுக்கு எப்போதோ மனப்பாடம் ஆகிவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு அழைப்புக்கும் விரல் வைத்து வரிவரியாகத்தான் படிப்பாள். வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதி மாடிப்படி இறங்கிய பிறகு திரும்ப ஏறிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பாள். அனுப்பிவிட்ட குறுஞ்செய்தியை எடுத்து மறுபடி படித்து, அதில் தவறு எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகும் கொஞ்ச நேரம் கவலைப்படுவாள். அலுவலகத்தில் அவளுக்கு ரெண்டுவாட்டி என்று பெயர் வைத்தது பக்கத்து மேஜை அக்காதான். முதலில் கிண்டலாக ஆரம்பித்தது, பிறகு யாருக்கும் அவளுடைய உண்மையான பெயர் சட்டென்று வாயில் வராமல் போய்விட்டது. அவளே ஒருநாள் போனில், "ரெண்டுவாட்டி பேசறேன்," என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மாலை வகுப்பில் சேர்ந்ததற்கும் பெரிய காரணம் எதுவும் கிடையாது. வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் அங்கே ஃப்ரிட்ஜின் உறுமல் மட்டும்தான் இருந்தது. அலுவலகத்துக்கு எதிர்ப்பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கு மாலையில் பாடம் எடுக்கிறார்கள் என்று பலகையில் பார்த்தாள். போய்க் கேட்டபோது இரண்டு வகுப்பில்தான் இடம் இருந்தது. ஒன்று கேக் அலங்காரம், இன்னொன்று ஸ்பானிஷ். கேக் செய்தால் அதைச் சாப்பிட ஆள் வேண்டும், மொழிக்கு அந்தத் தொல்லை இல்லை என்று கணக்குப் போட்டு ஸ்பானிஷில் பெயர் கொடுத்தாள். மொழிக்கும் ஆள் வேண்டும் என்பது பணம் கட்டிய பிறகுதான் உறைத்தது.

வகுப்பில் எல்லோரும் ஜோடியாகவே வந்திருந்தார்கள். ஓய்வுபெற்ற பஸ் டிரைவரும் அவர் மனைவியும், ஒரே முடிதிருத்தகத்தில் வேலை செய்யும் இரண்டு பெண்கள், கல்யாணம் ஆகப்போகிற ஒரு பையனும் பெண்ணும். "ரெண்டு ரெண்டு பேரா உக்காருங்க," என்று டீச்சர் சொல்லும்போதெல்லாம் நாற்காலிகள் இழுபடும் சத்தம் ஓய்ந்த பிறகு அவள் மட்டும் நடுவில் மிச்சமாக நிற்பாள்.

'செய்யாதே' பாடம் வந்த அன்று டீச்சர் சாக்பீஸைக் கத்தி மாதிரி பிடித்துக்கொண்டார்.

"முதல்ல 'நான் பேசறேன்'கிறதை எடுங்க. ஆப்லோ. அதோட வால்ல இருக்கற ஓ-வை வெட்டுங்க. மொட்டையா நிக்குதா? இது 'ஆர்'ல முடியற குடும்பம். இந்த வீட்ல வழக்கமா குடியிருக்கறது 'ஆ'. ஆனா செய்யாதேன்னு சொல்லணும்னா 'ஏ' வந்து உக்காந்துக்கும். நோ ஆப்லெஸ். பேசாதே. மரியாதையா சொல்லணுமா, கடைசி ஸ்-ஐ விட்ருங்க. நோ ஆப்லே. பேசாதீங்க."

"சாப்பிடறதுக்கு?" என்றார் டிரைவர். அவர் எந்தப் பாடத்திலும் அதைத்தான் முதலில் கேட்பார்.

"அது 'எர்' குடும்பம். அப்படியே தலைகீழ். இங்க 'ஏ' வெளிய போயிடும், 'ஆ' உள்ள வரும். கோமோ, சாப்பிடறேன். நோ கோமாஸ், சாப்பிடாதே. 'இர்' குடும்பமும் இதே மாதிரிதான். ஆப்ரோ, திறக்கறேன். நோ ஆப்ராஸ், திறக்காதே."

"ஓ, ரெண்டு சம்பந்தியும் வீடு மாத்திக்கிட்ட மாதிரி," என்றார் டிரைவர்.

"மாத்திக்கிட்டா அப்பவே சண்டைதான். அதனாலதான் எல்லாமே செய்யாதே, செய்யாதேன்னு வருது," என்றாள் அவர் மனைவி. வகுப்பே சிரித்தது.

பிறகு ஜோடிப் பயிற்சி. ஒருவர் ஒரு வேலையைச் செய்வது போல் நடிக்க வேண்டும், மற்றவர் தடுக்க வேண்டும். டிரைவர் கற்பனை லட்டை வாயில் போட்டுக்கொண்டார்; அவர் மனைவி நிஜமான கோபத்தோடு, "நோ கோமாஸ்!" என்றாள். ரெண்டுவாட்டியைப் பார்த்து டீச்சருக்குக் கொஞ்சம் சங்கடமாகிவிட்டது. "நீங்க... அந்த நாற்காலிகிட்ட சொல்லிப் பாருங்களேன்."

அவள் நாற்காலியின் எதிரில் நின்று, "நோ கோர்ராஸ்," என்றாள். ஓடாதே. நாற்காலி ஓடவில்லை. "நோ கிரீத்தெஸ்," என்றாள். கத்தாதே. அதற்கும் கீழ்ப்படிந்தது. ஒவ்வொன்றாக வாலை வெட்டி, உயிரெழுத்தை மாற்றிப்போட்டு, சரியா என்று இன்னொரு தடவை மனதில் ஓட்டிப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சரியாக இருந்ததைச் சொல்ல ஆள்தான் இல்லை.

வீட்டுப்பாடமாக டீச்சர் ஒரு கேள்வி கொடுத்தார். உங்களைப் பார்த்து அடிக்கடி 'செய்யாதே' என்று சொல்வது யார், என்னவெல்லாம் சொல்வார்கள், எழுதிக்கொண்டு வாருங்கள். டிரைவர், "பேப்பர் பத்தாது டீச்சர்," என்று மனைவியைப் பார்த்தார். ரெண்டுவாட்டிக்கு யோசித்து யோசித்து ஒரே ஒரு ஆள்தான் வந்தது. அம்மா. ஞாயிற்றுக்கிழமை போன் வரும். "ஜன்னலைத் திறந்துபோட்டுத் தூங்காதே. ஈரத்தலையோட வெளியே போகாதே. யார் என்ன சொன்னாலும் உடனே நம்பிடாதே. சரி, போன்ல ரொம்ப நேரம் பேசாதே, வை." மற்ற ஆறு நாளும் அவளை எதையும் செய்யாதே என்று சொல்ல ஒருவரும் இல்லை. அவள் நடுத்தெருவில் நின்று பாடினால்கூட ஜனங்கள் ஒதுங்கிப் போயிருப்பார்கள்.

அம்மா தவிர ஒருவர் இருந்தார். ஆனால் அவர் செய்யாதே என்று சொல்லுபவர் அல்ல. பொத்தானை அழுத்துபவர்.

அது வகுப்பில் சேர்ந்த புதிதில் நடந்தது. ஆற்றோரத்து உயரமான கட்டிடம் ஒன்றிலிருந்து மணி அடித்தது. "லிஃப்ட் அவசர உதவி, சொல்லுங்க," என்றாள். ஒரு வாளி எதிலோ இடிக்கும் சத்தம், பிறகு பதறிப்போன ஓர் ஆண் குரல். அவர் பேசியதில் அவளுக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. ஆனால் அது எந்த மொழி என்று தெரிந்தது. தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அப்போது தெரிந்த ஒன்றைச் சொன்னாள்: "புவேனாஸ் தார்தெஸ்." மாலை வணக்கம்.

மறுமுனையில் வாளி கீழே வைக்கப்பட்டது. பிறகு அந்த மனிதர் சிரித்தார். யாரோ வீட்டுக் கதவைத் திறந்து, வா வா என்று கையைப் பிடித்து இழுத்தது போன்ற சிரிப்பு. முழங்கை பட்டுப் பொத்தான் அழுந்திவிட்டது என்பதை அவர் எப்படியோ புரியவைத்தார். லிஃப்ட் கீழே வந்து கதவு திறந்தது. "கிராஸியாஸ், சென்யோரீத்தா," என்றார். நன்றி, அம்மணி. வாளிச் சத்தம் தூரமாகப் போனது.

மறுநாள் அதே நேரத்துக்கு மீண்டும் மணி அடித்தது. இந்தத் தடவை முழங்கை இல்லை.

அவர் அலுவலகங்களைத் துடைத்துச் சுத்தம் செய்பவர். எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, அந்தக் கட்டிடத்தில் தான் தங்கியிருக்கும் வீட்டிலிருந்து அவர் வேலைக்குக் கிளம்புவார். திரும்பி வரும்போது உடன் தங்கியிருப்பவர்கள் வேலைக்குப் போயிருப்பார்கள். இதையெல்லாம் அவள் துண்டு துண்டாகப் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டாள். மேலே இருந்து கீழே வரும் அந்தக் கொஞ்ச நேரம்தான் அவர்களுடைய பேச்சு. மழையா? மழை. சாப்பிட்டாச்சா? சாப்பிட்டாச்சு. நேற்று வகுப்பில் என்ன படித்தாய்? நிறங்கள். சிவப்பு என்று சொல்லு பார்ப்போம். அவள் சொல்லுவாள். கதவு திறக்கும். பிறகு அந்தச் சின்னச் சதுரத்துக்குள் காற்றாடி ஓடும் ஓசை மட்டும் ஹெட்போனில் இருக்கும். அது தானாக அறுபடும் வரை அவள் காத்திருப்பாள்.

"உன் ஆளு கூப்பிட்டாச்சா?" என்பாள் பக்கத்து மேஜை அக்கா, வாயில் பட்டாணியோடு.

"என் ஆளு ஒண்ணும் இல்லக்கா. எங்க அப்பா வயசு இருக்கும்."

"குரலை வச்சு வயசு சொல்றியா? ஒருவாட்டி சொல்லாதே. ரெண்டுவாட்டி பார்த்துட்டுச் சொல்லு."

இந்தப் பேச்சுக்கு ஒரு முடிவு வந்தது. ஒருநாள் சூப்பர்வைசர் அவள் மேஜைக்கு வந்து நின்றார். அவர் நல்ல மனிதர்தான். கெட்ட சேதி சொல்லும்போது கழுத்துப்பட்டையை முறுக்கிக்கொண்டே சொல்லுவார். அன்று அது கயிறு மாதிரி முறுக்கேறிப் போயிருந்தது.

"அந்த ஆத்தோர பில்டிங்ல இருந்து தினமும் ஒரு சும்மா கால் வருது. கட்டிட நிர்வாகம் சத்தம் போடுது. யாருன்னு கேமரால பார்த்துட்டாங்க. நாளையிலேர்ந்து ஒருவாட்டி அழுத்தினாலும் வீட்டை காலி பண்ணச் சொல்லப் போறாங்களாம். அந்த ஆளு அங்க ஒரு வீட்ல ஒரு கட்டில்தான் வாடகைக்கு எடுத்திருக்கார், பாவம். இவங்க நோட்டீஸ் ஒட்டினாங்க, அவருக்குப் படிக்கத் தெரியல."

"சார், அவர் வந்து..."

"நீ அந்த பாஷை படிக்கிறியாமே. நல்லதாப் போச்சு. நீயே சொல்லிடும்மா. இனிமே கூப்பிடாதீங்கன்னு. அவ்வளவுதான், ரெண்டு வார்த்தை."

அவர் போன பிறகு அவள் அட்டையை வெறித்துக்கொண்டிருந்தாள். கூப்பிடு என்பது 'ஆர்' குடும்பம். நான் கூப்பிடுகிறேன், யாமோ. வாலை வெட்டு. 'ஏ' போடு. நோ யாமெஸ். மரியாதைக்கு ஸ் வேண்டாம். நோ யாமே. இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தாள். எந்தப் பிழையும் இல்லை. பிழை இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்; டீச்சரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டிருக்கலாம்.

மணி அடித்தது.

"ஓலா, சென்யோரீத்தா!" இன்று அவர் குரலில் ஏதோ உற்சாகம். சம்பளம் வந்திருக்குமோ என்னவோ.

"சென்யோர்," என்றாள். ஐயா என்று அர்த்தம். "நோ யாமே. போர் ஃபவோர். நோ யாமே."

காற்றாடி ஓடும் சத்தம்.

ஏன் என்று சொல்ல அவளிடம் வார்த்தை இல்லை. வருத்தமாக இருக்கிறது என்று சொல்லும் பாடம் இன்னும் வரவில்லை. உங்கள் கட்டில் போய்விடும் என்பதை எந்தப் பாடமும் சொல்லித் தரப்போவதில்லை. கதவு திறக்கும் ஓசை கேட்டது. "ஸி, சென்யோரீத்தா," என்றார் அவர் மெதுவாக. சரி. அவ்வளவுதான். வாளி எதிலும் இடிக்காமல் வெளியே போனது.

"முடிஞ்சுதா?" என்றார் சூப்பர்வைசர் தூரத்திலிருந்து.

"முடிஞ்சுது சார்."

வேலை முடிந்து அலுவலக மாடிப்படியில் பாதி இறங்கிய பிறகுதான் அவளுக்குச் சுருக்கென்றது. கூப்பிடாதீங்க என்று சொன்னாளே, லிஃப்ட் நின்றால் கூப்பிடுங்கள் என்று சொன்னாளா? மொட்டையாக ஒரு கட்டளை. முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நம் ஊர்க்காரரிடம் சொல்லியிருந்தால் அவரே புரிந்துகொள்வார். 'அட, நின்னுட்டாகூடவா?' என்று சண்டைக்கு வருவார். ஆனால் இவர், அந்தப் பொத்தானுக்காகத்தான் தன்னை மிரட்டுகிறார்கள் என்பதைக் கேமராவிலிருந்தும் நோட்டீஸிலிருந்தும் பாதி ஊகித்திருக்கும் மனிதர். ஒரு நல்ல பெண் அழாத குறையாக, தயவுசெய்து என்று கெஞ்சிச் சொன்ன வார்த்தையை மீறுவாரா?

அன்றைய வகுப்பில் முதல் வேலையாக டீச்சரிடம் போய் நின்றாள். "லிஃப்ட் நின்னா மட்டும் கூப்பிடுங்கன்னு எப்படி டீச்சர் சொல்றது?"

"அதுக்குள்ள அங்க போயிட்டீங்களா? 'ஆனால்' எல்லாம் அடுத்த புஸ்தகம்," என்று சிரித்தபடி டீச்சர் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். மறுநாள் வேலைக்கு வந்ததும் அவள் அதை ஹெட்போன் மாட்டும் கொக்கியில் செருகி வைத்தாள். மணி அடித்ததும் சொல்லிவிடலாம்.

அன்று மணி அடிக்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அந்த நேரம் வரும்போது அவள் கை தானாக ஹெட்போனைச் சரிசெய்யும். ஆற்றோரக் கட்டிடத்தின் சின்னப் பச்சை விளக்கு திரையில் மேலிருந்து கீழே இறங்கும். உள்ளே அவர் நின்றுகொண்டிருக்கலாம். சிவப்புப் பொத்தானைப் பார்க்காமல் கதவைப் பார்த்துக்கொண்டு. அவளாகவே இங்கிருந்து லைனைத் திறந்து பேச முடியும். காரணம் இல்லாமல் திறக்கக்கூடாது என்பது விதி. காரணம் என்று எதைச் சொல்வது? கொக்கியில் ஒரு சீட்டு இருக்கிறது என்றா?

பக்கத்து மேஜை அக்கா மூன்றாவது கைப்பிடிப் பட்டாணியை நீட்டினாள். "இந்தா. மூஞ்சியைத் தொங்கப்போடாதே." 

அது இந்த வாரம் அம்மாவைத் தவிர வேறொருவரிடமிருந்து கிடைத்த முதல் 'செய்யாதே'. அவள் பட்டாணியை வாங்கிக்கொண்டாள்.

பிறகு அந்தப் பெருமழை நாள் வந்தது. ஊரில் பாதி இடத்தில் மின்சாரம் போய்ப் போய் வந்தது. திரை முழுக்க மஞ்சள் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு நின்றுபோன லிஃப்ட். மணிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அடித்தன. தள்ளாதீங்க, குதிக்காதீங்க, ஏறாதீங்க, கத்தாதீங்க. ஒரு கல்யாணக் கோஷ்டி மாட்டிக்கொண்டு உள்ளே சண்டை போட்டுக்கொண்டிருந்தது. ஒரு டாக்டர் தான் டாக்டர் என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். மெக்கானிக்குகள் அத்தனை பேரும் வெளியே போயிருந்தார்கள்.

இந்த அமளியில் ஆற்றோரக் கட்டிடத்தின் விளக்கும் மஞ்சளாகியிருந்ததை அவள் தாமதமாகத்தான் பார்த்தாள். இரண்டு மாடிக்கு நடுவே நின்றிருந்தது. மணி மட்டும் அடிக்கவில்லை.

"சார், ஆத்தோர பில்டிங் நிக்குது."

"குரல் வந்துதா?"

"இல்ல சார்."

"குரல் இல்லன்னா ஆள் இல்ல. காலி லிஃப்ட். வரிசைல கடைசியா போடு."

அதுதான் இங்கே நடைமுறை, தப்பென்று சொல்ல முடியாது. இத்தனை வருஷத்தில் உள்ளே மாட்டிக்கொண்ட மனிதர் பொத்தானை அழுத்தாமல் இருந்ததே இல்லை. ஒரு நிமிஷம் நின்றாலே அழுத்துவார்கள், நிற்காமலே அழுத்துவார்கள். அவள் அதைக் கடைசியில் போட்டாள். இன்னொரு மணிக்குப் பதில் சொன்னாள். சொல்லும்போதே கண் கடிகாரத்துக்குப் போனது. அவருடைய நேரம் எப்போதோ தாண்டியிருந்தது.

தப்பாக இருக்கலாம். அவள் நினைப்பது பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும். பூட்டு எப்போதும் பூட்டித்தான் இருக்கும். ஆனாலும் அவள் மாடிப்படி ஏறிப் போய் இழுத்துப் பார்க்கிறவள்தானே?

லைனைத் திறந்தாள்.

"ஓலா?"

எதுவும் இல்லை. காற்றாடிகூட இல்லை, மின்சாரம் போனதில் அதுவும் நின்றிருந்தது. அவ்வளவு நிசப்தமான லிஃப்டை அவள் கேட்டதே கிடையாது.

"சென்யோர்? நான்தான்." ரெண்டுவாட்டி என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள். "சென்யோரீத்தா."

வாளியின் கைப்பிடி லேசாகக் கிணுங்கியது.

"நான் கூப்பிடல," என்றது குரல். வறண்டு, தரையோரத்திலிருந்து வந்தது, உட்கார்ந்திருக்கிறார். அவள் அதைப் புரிந்துகொள்ள ஒரு கணம் பிடித்தது. "சென்யோரீத்தா, நான் பொத்தானைத் தொடவே இல்லை."

மின்சாரம் போகும் முன்பே ஏறியவர். இருட்டில், தனியாக, கைக்கெட்டும் தூரத்தில் மினுக்கிக்கொண்டிருக்கும் பொத்தானோடு அத்தனை நேரம் உட்கார்ந்திருந்தவர், இப்போது தான் குற்றம் செய்யவில்லை என்று அவளுக்கு உறுதி சொல்லிக்கொண்டிருந்தார்.

"சார்!" அவள் எழுந்தே விட்டாள். ஹெட்போன் வயர் இழுத்துத் தண்ணீர் பாட்டில் உருண்டது. "ஆள் இருக்கார்! உள்ள ஆள் இருக்கார்!"

"அப்புறம் ஏன் கூப்பிடல?"

"நான்தான் கூப்பிடாதீங்கன்னு சொன்னேன்."

சூப்பர்வைசர் கழுத்துப்பட்டையை முறுக்கவில்லை. போனை எடுத்தார். "ஆத்தோரத்துக்கு யாரு பக்கத்துல இருக்கீங்க? கல்யாண கோஷ்டி சண்டையை அப்புறம் பாத்துக்கலாம்யா, நீ கிளம்பு."

"உன் லைன் எல்லாம் நான் பாத்துக்கறேன்," என்றாள் அக்கா, அவள் மணிகளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டே. "நீ அந்தாளை விடாதே."

அவள் உட்கார்ந்தாள். அட்டை முன்னால் இருந்தது. இதையெல்லாம் நாற்காலியிடம் சொல்லிப் பழகியிருக்கிறாள். கதவைத் தள்ளாதீங்க: நோ எம்பூஹே. மேலே ஏறாதீங்க: நோ சூபா. திறக்காதீங்க: நோ ஆப்ரா. ஒவ்வொன்றுக்கும் அவர், "ஸி," என்றார். சொல்லிக்கொண்டே போகும்போது, ஏற்கெனவே எதையும் செய்யாமல் இருப்பவரிடம் எதைச் செய்யாதே என்பது என்று அவளுக்கே தோன்றியது. அட்டை தீர்ந்துவிட்டது. டீச்சர் சொல்லிக்கொடுத்த இன்னொன்று நினைவுக்கு வந்தது. அது முழுப் பாடத்தில் ஒரே ஒருதடவைதான் வந்தது. "நோ செ ப்ரெஒகூபே," என்றாள். கவலைப்படாதீங்க.

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

கொக்கியிலிருந்த சீட்டை எடுத்து, விரல் வைத்து, எழுத்தெழுத்தாகப் படித்தாள். லிஃப்ட் நின்றால் மட்டும் கூப்பிடுங்க. படித்து முடித்ததும் இன்னொரு தடவை படித்தாள்.

இருட்டுக்குள்ளிருந்து சிரிப்பு வந்தது. முதல்நாள் சிரித்த அதே சிரிப்பு, கொஞ்சம் நனைந்திருந்தது. "இப்போ சொல்றீங்களே, சென்யோரீத்தா!"

மெக்கானிக் வரும்வரை பேசினார்கள். பேச்சு என்றால் என்ன, அவளுக்குத் தெரிந்தவைதான். மழையா? மழை. வாளி என்ன நிறம்? நீலம். சாப்பிட்டாச்சா? இல்லை. அம்மா இருக்கிறாளா? இருக்கிறாள், தூரத்தில். உங்களுக்கு? இல்லை. தெரிந்த வார்த்தைகள் தீர்ந்துபோயின. ஆனால் லைன் திறந்திருந்தது. கடைசியில் இரும்பில் இரும்பு தட்டும் ஓசையும், "யாருப்பா உள்ள? அண்ணன் வந்துட்டேன், நவுந்துக்கோ," என்ற மெக்கானிக்கின் குரலும் கேட்டன. அவருக்கு அதில் ஒரு வார்த்தையும் புரிந்திருக்காது. கதவு பிளந்தது. கால்கள், வாளி, பிறகு எவரும் இல்லாத லிஃப்ட்.

அன்று வகுப்புக்கு அவள் போகவில்லை.

மறுநாள் சூப்பர்வைசர் நிர்வாகத்திடம் பேசியிருந்தார். கட்டில் தப்பியது. "ஆனா சும்மா கால் சும்மா கால்தான்மா. விதியை என்னால மாத்த முடியாது," என்று கழுத்துப்பட்டையைத் தேடினார்.

"சார், ஒண்ணு கேக்கலாமா?" இந்த வாக்கியத்தை அவள் வீட்டிலேயே பலவிதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். "சோதனை அழைப்பு நாம பண்றோம்ல?"

சோதனை அழைப்பு என்பது ஒவ்வொரு லிஃப்டுக்கும் சில நாளைக்கு ஒருதரம் இங்கிருந்து லைனைத் திறந்து, ஒலிபெருக்கி வேலை செய்கிறதா என்று பார்ப்பது. காலி லிஃப்டோடு பேசுகிற வேலை. காலை ஷிஃப்டில் ஆளாளுக்குத் தள்ளிவிடுவார்கள்.

"ஆத்தோர பில்டிங்கை நான் பண்றேன் சார். சாயங்காலத்துல."

அவர் அவளை இரண்டு தடவை பார்த்தார். "அதை யாரும் கேட்டு வாங்கினதே இல்ல. எடுத்துக்கோ."

முதல் தடவை லைனைத் திறந்தபோது ஆள் இல்லை. காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது. "ஓலா," என்றாள். ஒலிபெருக்கி நன்றாக இருக்கிறது என்று குறித்துக்கொண்டு மூடினாள். அடுத்த முறை ஏதோ ஒரு குடும்பம் ஏறியிருந்தது, ஒரு குழந்தை, "அம்மா, லிஃப்ட் பேசுது!" என்று வீறிட்டது. "ரெண்டு நிமிஷம் முன்னாடி பண்ணியிருக்கணும்டீ," என்றாள் அக்கா. "அந்தாளு வேற வேலைக்குப் போயிட்டாரோ என்னவோ. எதிர்பார்த்துட்டு உக்காராதே."

அவள் எதிர்பார்க்கவில்லை என்றுதான் சொன்னாள். மூன்றாவது முறை விளக்கு மேலேயிருந்து இறங்கத் தொடங்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்து, பிறகு திறந்தாள்.

வாளி எதிலோ இடித்தது.

"புவேனாஸ் தார்தெஸ்," என்றாள். "இது சோதனை. குரல் கேக்குதா?"

"கேக்குது. நான் கூப்பிடல, சென்யோரீத்தா."

"தெரியும். நான்தான் கூப்பிட்டேன்."

மழை இல்லை. வாளி அதே நீலம். நேற்று என்ன படித்தாய் என்று கேட்டார், எதிர்காலம் என்றாள், அது கஷ்டம் என்றார். அதற்குள் தரைத்தளம் வந்துவிட்டது. இனிச் சில நாள் கழித்துத்தான் திறக்கலாம். அதை அவரிடம் சொல்ல வழி தெரியாமல் அவள், "இன்னொரு நாள்," என்று மட்டும் சொன்னாள். கதவு திறந்தது. அவர் உடனே போகவில்லை.

"நோ தார்தே," என்றார்.

தார்தே. தார்தோ, தாமதிக்கிறேன். வாலை வெட்டி, 'ஏ' போட்டு, மரியாதைக்கு ஸ்-ஐ விட்டு... தாமதிக்காதீங்க. வாளிச் சத்தம் தூரமாகிக்கொண்டே போனது. அவள் அதை இன்னொரு தடவை மனதில் ஓட்டிப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது, லைன் தானாக அறுபடும்வரை அவள் ஹெட்போனைக் கழற்றவில்லை.